மசாலாத் தூளுக்குக் கட்டிய வரி எங்கே போகிறது?

போன புனித வெள்ளியன்று தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலில் நல்ல கூட்டம். சாமி கும்பிட்டுவிட்டு நானும் பெரியம்மாவும் ஒரு மரத்தடியில் ஒதுங்கினோம். பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன் என்பதால், உலகத்து விஞ்ஞானிகள் செய்கிற எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்பது அவர் கணக்கு.

"ஏன்டா ராசா, கரூவுல கோடி கோடியா ரேண்டைக் கொட்டித் தட்டு தட்டா நட்டு வச்சிருக்காங்களாமே, வானத்தைக் கேக்குறதுக்கு. இங்க குழாயில தண்ணி வர்றதில்ல. வானம் என்னத்தடா சொல்லுது?"

சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. நியாயமான கேள்வி. அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. என் காசு எங்கே போகிறது என்பது ஒன்று. அதை ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை என்பது மற்றொன்று. விஞ்ஞானிகள் முதல் கேள்விக்குத்தான் பதில் தயாராக வைத்திருப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

முதலில் காசு. தென்னாப்பிரிக்காவில் கடையில் மசாலாத் தூள் வாங்கினால் அதன் விலையோடு 15 சதவீதம் வாட் சேரும். அரிசி, பருப்பு, பால், முட்டை, பழுப்பு ரொட்டி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆகவே வருமான வரி என்று ஒரு சென்ட்கூடக் கட்டாத என் பெரியம்மாவும் வரி கட்டுகிறவர்தான். அவர் வைக்கிற ஒவ்வொரு கறியிலும் கருவூலத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு சிறு துளி அறிவியலுக்குப் போகிறது. அறிவியல் துறை அதைத் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை (1999-இல் தொடங்கியது), அறிவியல் தொழில்துறை ஆராய்ச்சி மன்றம் (1945) போன்ற அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். மருத்துவ ஆராய்ச்சி மன்றம் (1969) சுகாதாரத் துறையின் கீழ் வருகிறது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றிடம் விண்ணப்பம் போடுவார்கள். அதே துறை தெரிந்த வேறு ஆய்வாளர்கள் படித்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்வார்கள். தேறாதவையே அதிகம்.

எவ்வளவு பணம்? நாடு ஈட்டும் ஒவ்வொரு நூறு ரேண்டிலும் அரசும் தனியாரும் சேர்ந்து ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது ஏறத்தாழ 60 சென்ட். இதை ஒன்றரை ரேண்டாக உயர்த்துவோம் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் இலக்கு. சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

பெரியம்மா கேட்ட தட்டுகளின் பெயர் மீர்கேட், வானத்திலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடிக்கும் தொலைநோக்கி. வடக்கு கேப் மாகாணத்தில் கார்நார்வன் ஊருக்கு அப்பால், கரூ பொட்டலில் 64 தட்டுகள், ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலம். 2018 ஜூலையில் திறந்தார்கள். ஆன செலவு 440 கோடி ரேண்ட். தொகையைக் கேட்டால் தலை சுற்றும். அன்றைய மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு 75 ரேண்ட் சொச்சம், அதுவும் பல ஆண்டுகளில் பரவிய செலவு. ஒரு ஆட்டுக்கறி பன்னி சோ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) சாப்பிடுகிற காசு.

சரி, ஒரு பன்னி சோதான் என்றாலும் அதை அரசு ஏன் எடுக்க வேண்டும்? அறிவியலால் லாபம் வரும் என்றால் கம்பெனிக்காரன் செய்துவிட்டுப் போகட்டுமே?

இதற்குப் பாடப்புத்தக விளக்கம் நீளமானது. நம் பழமொழி ஒரே வரியில் முடித்துவிடுகிறது: தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான். கம்பெனி தென்னை வைக்கும். சில ஆண்டுகளில் காய்க்க வேண்டும், காய் தன் வேலிக்குள்ளேயே விழ வேண்டும். அதில் தவறில்லை, பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் சில கேள்விகள் பனை மாதிரி. எப்போது காய்க்கும், யார் வீட்டுப் பக்கம் விழும் என்று நடும்போது ஒருவருக்கும் தெரியாது. காய்த்தால் ஊரே தின்னும். நட்டவன் வேலி போட்டுத் தடுக்கவும் முடியாது. அறிவு அப்படிப்பட்ட சரக்கு. ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவருக்குக் குறைவதில்லை. அதனாலேயே தனியார் யாரும் தன் காசில் அதைப் போதுமான அளவு நடமாட்டார்கள். ஊர்ப் பணத்தில்தான் பனை நட வேண்டும். பனை நட்டுவிட்டு அடுத்த தைக்குள் இளநீர் கேட்கிற அரசியல்வாதிகள் எல்லா நாட்டிலும் உண்டு.

பனை எங்கே காய்க்கும் என்று தெரியாது என்பதற்கு மீர்கேட்டே சாட்சி. 2020-இல் கொரோனா வந்தபோது நாட்டில் சுவாசக் கருவிகளுக்குப் பெரும் தட்டுப்பாடு. உள்நாட்டிலேயே அவற்றை வடிவமைத்துத் தயாரிக்கும் தேசியத் திட்டத்தை நடத்தும் பொறுப்பை அரசு யாரிடம் கொடுத்தது? இந்தத் தட்டுகளை நிறுத்திய வானொலி வானியல் மையத்திடம். சிக்கலான கருவியை வரைந்து, உள்நாட்டுத் தொழிற்சாலைகளைச் சேர்த்து, தவணைக்குள் முடித்துப் பழகிய ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள். வானத்தைக் கேட்கப் பழகிய கை, மூச்சுக்கும் உதவியது. 440 கோடியை இதற்காகப் போட்டார்கள் என்று நான் கதை விடமாட்டேன். இதற்காகப் போடவில்லை என்பதுதான் விஷயமே.

இன்னும் நெருக்கமான ஒன்று. போன வருடம் பெரியம்மாவுக்குத் திடீரென்று தலைசுற்றல். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, பெரிய வடை மாதிரி இருந்த எந்திரத்தின் ஓட்டைக்குள் தலையை விட்டுப் படம் எடுத்தார்கள். சிடி ஸ்கேன். "உள்ள என்னமோ சுத்துது, என் தலையும் சுத்துது" என்று வெளியே வந்து சொன்னார். அந்த எந்திரத்தின் ஒரு வேர் இதே தென்னாப்பிரிக்காவில் இருப்பது அவருக்கும் தெரியாது, படம் எடுத்த பிள்ளைக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

1956-இல் கேப் டவுனின் கிரூட் ஸ்கூர் என்ற பொது மருத்துவமனையில் கதிரியக்கப் பொருட்களைக் கையாள, சட்டப்படி ஓர் இயற்பியலாளர் மேற்பார்வை பார்க்க வேண்டும். இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆலன் கோர்மாக்கை வாரத்தில் ஒன்றரை நாள் வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும்போது உடம்பு முழுக்க ஒரே பொருளால் ஆனது என்பது போலக் கணக்குப் போடுவதை அவர் கவனித்தார். எலும்பு வேறு, சதை வேறு, நுரையீரல் வேறு அல்லவா? வெளியே பல கோணங்களில் கதிரைச் செலுத்தி, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளந்தால், உள்ளே எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கணக்கால் கண்டுபிடிக்க முடியுமா? பூசணியை வெட்டாமல் உள்ளே விதை எங்கே என்று சொல்வது போன்ற வேலை. அலுமினியத்தையும் மரத்தையும் உருளையாகக் கடைந்து சோதித்தார். பிறகு அமெரிக்கா போனார். இதை ஓய்வு நேர வேலையாகவே தொடர்ந்தார். 1963-லும் 1964-லும் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்.

என்ன நடந்தது? கிட்டத்தட்ட ஒன்றும் நடக்கவில்லை. கட்டுரைப் பிரதி கேட்டு வந்த கடிதங்களில் அவருக்குச் சுவையாகப் பட்டது, பனிச்சரிவுகளை ஆராயும் ஒரு சுவிட்சர்லாந்து மையத்திலிருந்து வந்தது. பனிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியுமா என்ற ஆசை அவர்களுக்கு. மருத்துவர்கள் படிக்கும் இதழிலா அது வந்தது? இல்லை, இயற்பியலாளர்கள் படிக்கும் இதழில். இங்கிலாந்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர், கோர்மாக்கின் வேலையைப் பற்றி அறியாமலே, தனியாகத் தொடக்கத்திலிருந்து உழைத்து எந்திரத்தைச் செய்தார். 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் மூளை படமானது. அவர் வேலை பார்த்தது தனியார் நிறுவனம். ஆனால் அந்த எந்திரத்துக்கு பிரிட்டிஷ் சுகாதாரத் துறையும் பணம் கொடுத்தது. இருவரும் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதில் இன்னொரு வேடிக்கை: அந்தக் கணக்கின் அடிப்படையை யோஹான் ராடோன் என்ற கணித அறிஞர் 1917-லேயே போட்டு வைத்திருந்தார். அது கோர்மாக்குக்குத் தெரியாது. ஆக ஒரே பாதையை மூன்று பேர் தனித்தனியாக வெட்டியிருக்கிறார்கள்.

எழுதி அச்சில் ஏற்றுவது வேறு, போய்ச் சேருவது வேறு. அறிவியலை எடுத்துச் சொல்வது என்றால் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள்: வேலை முடிந்த பிறகு ஒட்டும் வண்ணக் காகிதம். என் பார்வையில் அது வேலையின் பாதி. ஊர்ப் பணத்தில் கிணறு வெட்டி, கிணறு இருக்கும் இடத்தை ஊருக்குச் சொல்லாமல் விட்டால் அதற்கு என்ன பெயர்?

சொன்ன விதத்தாலேயே காரியம் நடந்த கதையும் இந்நாட்டில் இருக்கிறது. 1938 டிசம்பரில் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், மீன்பிடிக் கப்பல் கொண்டுவந்த குவியலில் விசித்திரமான நீலநிற மீன் ஒன்றை அவ்வூர்ச் சிறு அருங்காட்சியகத்தின் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் கண்டெடுத்தார். டைனோசர்களோடு அழிந்துவிட்டது என்று எல்லோரும் எண்ணியிருந்த சீலகாந்த். உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற முடியவில்லை, இன்னொன்று வேண்டும். ரோட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜே. எல். பி. ஸ்மித் என்ன செய்தார் தெரியுமா? மீன் படத்தைப் போட்டு, நூறு பவுண்ட் பரிசு என்று அறிவித்து, ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துகீசியம் என மூன்று மொழிகளில் நோட்டீஸ் அச்சடித்துக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரமெல்லாம் பரப்பினார். 14 ஆண்டுகள் கழித்து, 1952-இல் கொமோரோ தீவுகளில் ஒரு மீனவர் தூண்டிலில் பிடித்து, ஏதோ பெரிய மீன் என்று எண்ணி விற்கக் கொண்டுவந்ததை, நோட்டீஸைப் பார்த்திருந்த உள்ளூர்க்காரர் அடையாளம் கண்டார். பிரதமர் மலான் ராணுவ விமானத்தையே ஸ்மித்துக்குக் கொடுத்து அனுப்பினார். மீனுக்கு அரசு விமானம்!

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. கொமோரோ மீனவர்களுக்கு அந்த மீன் புதிதே இல்லை. கொம்பெஸ்ஸா என்று பெயர்கூட வைத்திருந்தார்கள். உலகம் அழிந்துவிட்டது என்று எழுதிக்கொண்டிருந்த மீனை அவர்கள் அவ்வப்போது பிடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான். சொல்வதில் பாதி கேட்பது.

சொல்லப்படாததற்கு உயிரையே விலையாகக் கொடுத்த காலமும் உண்டு. 2000-ஆம் ஆண்டு உலக எய்ட்ஸ் மாநாடு டர்பனில் நடந்தது. எச்ஐவி கிருமியால்தான் எய்ட்ஸ் வருகிறது என்று 5,000-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அதையொட்டிக் கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. ஏனென்றால் அதை நாட்டின் அதிபரே அப்போது சந்தேகித்தார். சுகாதார அமைச்சர் பீட்ரூட்டையும் பூண்டையும் பரிந்துரைத்தார். மருந்து தாமதமானதால் 3,30,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னாளில் மதிப்பிட்டார்கள். ஆய்வகங்களுக்கு உண்மை தெரியும். அது போதவில்லை. எய்ட்ஸ் மருந்துக்காகப் போராடிய சிகிச்சை நடவடிக்கை இயக்கத்தினர், கறுப்பின மக்கள் வாழும் டவுன்ஷிப் குடியிருப்புகளில் உட்கார்ந்து, கிருமி என்றால் என்ன, மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்று சாதாரண மக்களுக்கு அவரவர் மொழியில் பாடம் எடுத்தார்கள். அப்படிப் படித்தவர்கள் வீதியில் இறங்கினார்கள். இயக்கம் வழக்குப் போட்டது. கருவுற்ற தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் மருந்தை அரசு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2002-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

தோற்றதையும் சொல்ல வேண்டும். டர்பனில் இருக்கும் காப்ரிசா ஆய்வு மையம், பெண்கள் எச்ஐவியிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ள ஒரு ஜெல்லைச் சோதித்து, தொற்று 39 சதவீதம் குறைந்தது என்று 2010-இல் அறிவித்தது. உலகமே கொண்டாடியது. தென்னாப்பிரிக்க வரிப்பணமும் அமெரிக்க வரிப்பணமும் அதில் இருந்தன. பிறகு நடந்த பெரிய சோதனை 2015-இல், மொத்தத்தில் பலன் தெரியவில்லை என்று முடிந்தது. அதையும் மறைக்காமல் மேடையேறிச் சொன்னார்கள். என் மாணவர்களிடம் முதல் செய்தியைவிட இரண்டாவதைத்தான் அதிகம் பேசுவேன். விளம்பரத்தில் இப்படி ஒரு வரியைப் பார்க்க மாட்டீர்கள்.

உண்மையைச் சொன்னால் அடியும் விழும். 2021 நவம்பர் 25 அன்று தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் கொரோனாவின் புதிய உருமாற்றத்தைக் கண்டதாக உலகத்துக்கு வெளிப்படையாக அறிவித்தார்கள். மறுநாள் உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு ஒமைக்ரான் என்று பெயர் வைத்தது. அதோடு சேர்த்துப் பல நாடுகள் இந்நாட்டு விமானங்களுக்குக் கதவையும் சாத்தின. டிசம்பர் விடுமுறைக்கு டர்பன் கடற்கரையை நம்பி இருந்தவர்களுக்கு அது என்ன ஆண்டு என்று இங்கே உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் மறைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

இனி நான் பெரியம்மாவிடம் எப்படிச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். கோயிலுக்குப் போய்வந்த அடுத்த ஞாயிறு, அவர் வீட்டுத் திண்ணையில். பிரபஞ்சத்தில் தொடங்கினால் தூங்கிவிடுவார். அதனால் கரும்பில் தொடங்கினேன்.

1860 நவம்பர் 16 அன்று டுரூரோ கப்பல் மதராஸிலிருந்து நம் முன்னோரை நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் இந்தப் பகுதியின் அன்றைய பெயர்) கொண்டுவந்து இறக்கியது கரும்பு வெட்டத்தான். பெரியம்மாவின் அப்பாவும் மவுண்ட் எட்ஜ்கோம் பக்கத்துத் தோட்டத்தில் கரும்பு வெட்டியவர். அங்கே 1925 முதல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது, கரும்பு விவசாயிகளும் ஆலைகளும் சேர்ந்து போடும் பணத்தில் நடப்பது. அவர்களுக்கு ஒரு தொல்லை. நேட்டாலின் குளிரில் கரும்பு பூத்தாலும் மகரந்தம் உருப்படியாக வருவதில்லை, விதை பிடிக்காது. விதை இல்லாவிட்டால் இரண்டு ரகங்களைக் கலந்து புது ரகம் எடுக்க முடியாது. கரணை நட்டால் பழைய ரகமேதான் திரும்ப வரும்.

விதை எங்கே கிடைத்தது? கோயம்புத்தூரில். அங்கே 1912-இல் அரசு தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் இருந்தது. பார்பர் என்ற விஞ்ஞானியும் அவருக்குப் பின் டி. எஸ். வெங்கட்ராமனும் கரும்பை நாணலோடு கலந்து, நோய்க்கு அசராத ரகங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ரகங்களுக்கு ஊர்ப் பெயரின் முதலெழுத்தால் கோ என்று பெயர். காலனி அரசின் நிலையம்தான். ஆனால் கருவூலத்தில் இருந்தது நம் ஆட்கள் கட்டிய நிலவரியும் உப்புவரியும். கோ 421, கோ 312 என்ற இரண்டையும் அங்கே கலந்து, பஞ்சு போன்ற அந்தப் பொடி விதையை நேட்டாலுக்கு அனுப்பினார்கள். இங்கே முளைக்க வைத்துப் பொறுக்கி எடுத்ததில் ஒன்று என்கோ 310, 1945-இல் வெளிவந்தது. தைவான், ஒக்கினாவா வரை போய்ப் பரவியது. அதே கலப்பில் பிறந்த இன்னொன்று என்கோ 376, 1955-இல் வந்தது. பல பத்தாண்டுகள் நேட்டாலின் முக்கியக் கரும்பு அதுதான். 'என்' என்றால் நேட்டால். 'கோ' என்றால் கோயம்புத்தூர்.

பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"த்ரீ செவன் சிக்ஸா?"

"ஆமா பெரியம்மா."

"அப்பா அப்படித்தான் சொல்வாரு. த்ரீ செவன் சிக்ஸு கனமா இருக்கும், கட்டுத் தூக்கினா தோள் போயிரும்னு. அது நம்ம ஊருக் கரும்பாடா?"

"பாதி நம்ம ஊரு."

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. தெருவில் ஐஸ்கிரீம் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

"அத்தனை வருஷம் வெட்டுனாரு. அந்த ஆபீஸ் பக்கமாத்தான் தினம் நடந்து போவாரு. ஒருத்தன் கூப்பிட்டுச் சொல்லலியே" என்றார். பிறகு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி, அந்தத் தட்டு சமாச்சாரத்தைச் சொல்லு இப்ப. மெதுவாச் சொல்லு."